தினம் ஒரு குறள் வெண்பா

அகராதியை வரிசையாகப் படித்துச் சொல்வளம் சேர்க்கப் பார்த்தால் பத்து நாளில் பாதி மறந்துவிடும். தேவை வந்து தேடிய சொல்தான் தங்கும். அந்தத் தேவையை உண்டாக்குவதில் குறள் வெண்பாவுக்கு இணையில்லை, புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கும்தான். இரண்டு அடி, ஏழு சீர், நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

எழுத்துகள் சேர்ந்தது அசை, அசைகள் சேர்ந்தது சீர். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்றோடு (மெய்யெழுத்தோடு) வந்தாலும் நேரசை. இரு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரையசை. இதன்பின் ஒற்று வந்தாலும் அதுவே. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசையில் நேரில் முடிவது காய், நிரையில் முடிவது கனி. மாவுக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்; விளம், காய் இரண்டுக்கும் அடுத்தது நேரில். ஏழாம் சீர் மட்டும் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேர் + உகரம்), பிறப்பு (நிரை + உகரம்) என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியும்.

பழகுவதற்காகவே கட்டிய ஒன்று:

நாளும் எழுதும் நடைபழகின் நற்றமிழ்ச்சொல்
தோளைக் கிளிபோல் தொடும்

நா/ளும் தேமா (நேர் நேர்), ஆகவே அடுத்தது நிரையில், எழு/தும். அந்த இடத்தில் ‘பாடல்’ என்று போட்டிருந்தால் பா/டல் நேரில் தொடங்கித் தளை (சீர்களுக்கு இடையிலான இணைப்பு) தட்டும். ‘கவிதை’ பொருந்தும், ‘எழுதும்’ பொருந்தும். மொழி வளர்வது இந்த மாற்றுச்சொல் தேடலில்தான். நிலவு வேண்டும், ஆனால் நேரில் தொடங்க வேண்டும் என்றால் திங்கள், அம்புலி, வெண்ணிலா. நிரையில் என்றால் மதி, நிலா, பிறை. ஆனால் பிறை முழுநிலவாகாது. ஓசைக்காகப் பொருளை விட்டுவிடக் கூடாது.

நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, நேரில் தொடங்கும் சொற்களை இடப்பக்கமும் நிரையில் தொடங்குபவற்றை வலப்பக்கமும் எழுதி வாருங்கள். சூடாமணி நிகண்டும் (செய்யுள் வடிவிலான பழைய சொற்பொருள் நூல்) சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஈற்றடியை முதலில் எழுதுங்கள். முடிவு கையில் இருந்தால் முதலடியின் நான்கு சீரை அதற்கேற்ப வளைக்கலாம். மேலிருந்து தொடங்கினால் கடைசிச் சீருக்குச் சொல் கிடைக்காமல் ‘ஆம்’, ‘தான்’ என்று ஒட்டவைக்க நேரும். ஒட்டுச்சொல் இரண்டு வந்துவிட்டால் அந்தக் குறளைத் திருத்தாதீர்கள், புதிதாக எழுதுங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடம் வினைமுற்று. ‘பார்க்கின்றனர்’ பார்க்/கின்/றனர் என்று கனிச்சீராகிவிடும். வெண்பாவில் கனி வராது. ‘பார்க்கிறார்’ என்றால் கூவிளம் (நேர் நிரை), சிக்கலில்லை. அவலோகிதம் மென்பொருளில் இட்டால் தளை தட்டும் இடம் தெரியும். அதற்கு முன் வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கும் சீரை நீங்களே கண்டுபிடித்த பிறகு மென்பொருளைத் திறக்கலாம்.