சிமுலேட்டரில் ஓடியது, படகில் சுட்டது: டையோடு மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தேவிபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் படகு விளக்கு, சோலார் சார்ஜர் என்று சுற்று வரைந்து, சிமுலேட்டரில் (சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில்) ஓட்டி என்னிடம் காட்டுவார்கள். பழகும் காலத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் அவற்றிலும். கிரவுண்டு விட்டுப்போவது போன்றவை முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், அவற்றை விடுகிறேன்.

மாடலைத் திறந்து பார்க்காமல் ஓட்டுவது

மாடல் என்பது ஒரு பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று சிமுலேட்டருக்குச் சொல்லும் எண்களின் பட்டியல். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பாம்பன் தம்பி ஒருவர் நாட்டுப்படகு விளக்குக்காக 12 வோல்ட்டை 24 ஆக ஏற்றும் பூஸ்ட் கன்வர்ட்டர் போட்டிருந்தார். சுவிட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ். திரையில் அலைவடிவம் அத்தனை சுத்தம். அதை நம்பிப் போர்டுகளை மொத்தமாக அடித்து வாங்கிவிட்டார். படகில் மாட்டிய அன்றே டையோடு கைவைக்க முடியாமல் சுட்டது. மாஸ்ஃபெட் (சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போயே போய்விட்டது. "அண்ணே, சிமுலேஷன்ல சரியாத்தானே வந்துச்சு" என்றார்.

சிமுலேஷன் ஃபைலில் 1என்4007 என்று டையோடின் பெயர் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஓடியது, எண்கள் தராதபோது ஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் இயல்பு டையோடு: ஐஎஸ் (செறிவு மின்னோட்டம்) 10⁻¹⁴ ஆம்பியர், ஆர்எஸ் (உள் மின்தடை), சிஜேஓ (சந்தி மின்தேக்கம்), டிடி (அணையும் நேரத்தைத் தீர்மானிப்பது) மூன்றும் பூஜ்யம், பிவி (உடையும் மின்னழுத்தம்) முடிவிலி. எந்த மின்னழுத்தத்திலும் உடையாது, மின்னழுத்தம் திசை திரும்பிய கணமே அணைந்துவிடும். அப்படியொரு டையோடு எந்தக் கடையிலும் கிடையாது. நிஜ 1என்4007 என்பது 50 ஹெர்ட்ஸ் வேலைக்கானது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறச் சில மைக்ரோ விநாடி பிடிக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சியே 10 மைக்ரோ விநாடிதான்! அது அணையும்வரை 24 வோல்ட் பக்கமிருந்து மின்னோட்டம் பின்னோக்கி மாஸ்ஃபெட்டுக்குள் பாயும்.

இன்னொன்று, அந்த இயல்பு மாடல் 1 ஆம்பியரில் சுமார் 0.83 வோல்ட் காட்டும். நம்பும்படியான எண் என்பதால் சந்தேகமே வராது.

ஆகவே முதலில் டையோடை மட்டும் தனியாக ஓட்டுங்கள். நேர் வளைவும் (மின்னோட்டம் போகும் திசையில் எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பது) அணையும் நேரமும் டேட்டாஷீட்டோடு ஒத்துவந்த பிறகு சுற்றில் போடுங்கள். கம்பெனி தரும் மாடலானாலும் டிடி மதிப்பைப் பாருங்கள்; நேர் வளைவுக்கு மட்டும் பொருத்தியவையும் உண்டு. தம்பிக்கு 1என்5819 ஷாட்கி (மிக வேகமாக அணையும் டையோடு வகை) போட்டதும் சூடு அடங்கியது.

வெப்பநிலையை 27-லேயே விடுவது

ஸ்பைஸ் தானாக எடுத்துக்கொள்வது 27 டிகிரி. இரவு விளக்கானாலும், உப்புக்காற்றுக்குப் பயந்து இறுக மூடிய பெட்டிக்குள் அதன் சூடு அங்கேயே தங்கிவிடும். 70-லும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், ஷாட்கி மாடலில் ஈஜி (கசிவு சூட்டோடு எப்படி மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 1.11 என்றிருந்தால் அது சாதாரண சிலிக்கான் டையோடுக்கான எண், ஷாட்கிக்கு 0.69. மாற்றாவிட்டால் சூட்டில் பின்னோக்கிய கசிவு எவ்வளவு ஏறும் என்பதே தப்பாக வரும்.

ஒரு மின்னோட்ட எல்லைக்குப் பொருத்திய மாடலை எங்கும் போடுவது

பொருத்திய எல்லைக்கு வெளியே அது ஊகம்தான்.

கன்வர்ஜென்ஸுக்காக ஜிமின்னை ஏற்றுவது

கணக்கு விடைக்கு வந்து சேராதபோது (கன்வர்ஜென்ஸ் சிக்கல்), டையோடுக்கு இணையாக ஸ்பைஸ் சேர்க்கும் ஜிமின் என்ற சிறு கடத்தலைச் சிலர் ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். கசிவெல்லாம் அதில் மூழ்கிவிடும்.