காரைப் பள்ளங்களில் கல்லைக் கையில் எடுக்கும் முன்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு நீர்நிலையில் மண் அள்ளியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, இன்று அழிந்துபோன உயிரி) போன்ற கடல் உயிரிகளைச் சுற்றிப் படிவு இறுகி உருவான கற்கள் அவை.

உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதுதான் முதல் தவறு. செத்த உயிர் கடலடிச் சேற்றில் மட்கும்போது, நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் அதைச் சுற்றிப் படிந்து உருண்டையாகக் கெட்டிப்படும். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். அந்த ஓட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நிமிர்ந்து நிற்கும் படிகங்களும் காற்றுத் துளைகளும் தெரியும். அரியலூர், பெரம்பலூர் பக்கம் பெரும்பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. ஆகவே அங்கே உருண்டைக் கல் கிடைத்தால் முதலில் கடலைத்தான் நினைக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பெரம்பலூர் மாவட்டக் காரை கிராமத்தில் மழைநீர் அரித்த பள்ளங்களில் அம்மோனைட்டும், கணவாய்க்கு உறவான பெலம்னைட்டும் கல்லாகிக் கிடைக்கும். பார்த்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத்தான் கை போகும். ஆனால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் கல் அங்கேயே பிறந்தது என்று சொல்ல முடியாது. மேலே உள்ள ஏதோ ஓர் அடுக்கிலிருந்து மழையில் உருண்டு வந்திருக்கலாம். சரிவில் மேலே ஏறி, அதே மாதிரித் துண்டு பாறையில் பதிந்திருக்கும் அடுக்கைத் தேட வேண்டும். அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ் குறிப்பு, அடுக்கின் நிறம், மணலா களிமண்ணா என்ற விவரம், இதெல்லாம் முடிந்த பிறகுதான் கல்லைத் தொடலாமா என்ற பேச்சே. அடுக்கு தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். அடுக்கு தெரிந்தால் அது காலத்தையே சொல்லிவிடும். ஏனென்றால் அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறியவை. எந்த இனம் எந்த அடுக்கில் என்று பார்த்தே இந்தப் பாறைகளின் வயதை வரிசைப்படுத்துகிறார்கள்.

இங்கே “கார்பன் டேட்டிங் பண்ணலாமே” என்று யாராவது கேட்பார்கள். அந்த முறை அளக்கும் கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும், பல கோடி ஆண்டு பழைய கல்லாகிப்போன மரத்துக்கு அதைச் செய்வதில் பயனே இல்லை.

உருவத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும் தவறு நிபுணர்களுக்கும் நேரும். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில் 2020இல் பார்த்த ஓர் உருவை, சுமார் 55 கோடி ஆண்டு பழைய டிக்கின்சோனியா (தட்டையான, மென்மையான உடல் கொண்ட பழங்காலக் கடல் உயிரி) என்று ஆய்விதழில் வெளியிட்டார்கள். மாதிரி எடுக்கவில்லை, படங்களை வைத்தே முடிவு செய்தார்கள். பிறகு வேறொரு குழு போய்ப் பார்த்தபோது அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது: பழைய தேன்கூடு! முதலில் எழுதிய குழுவின் ஆய்வாளர் ரெட்டலாக் தவறை ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம், எடுத்த எலும்பைக் காப்பாற்றாமல் விடுவது. உலர்ந்த களிமண்ணில் கிடக்கும் எலும்பு, காற்றும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பொடியாகிவிடும். பிசின் ஊற்றி இறுக்கி, பிளாஸ்டரில் நனைத்த சாக்குத்துணியைச் சுற்றி, மண்ணோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்து, 1980களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கதையும் எலும்பு சிதைந்துபோன கதைதான். கால் எலும்பு ஒன்று மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணி என்று விவரித்தார்கள்; பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் திருத்தினார்கள். அது எலும்புதானா, கல்மரமா என்று கூடக் கேள்வி வந்தது. எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்றால், எலும்புகள் சிதைந்து போய்விட்டன. உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய அந்த உயிரின் எடையை இன்று பழைய படங்களையும் அளவுகளையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.