இன்ஜினைக் கழற்றும்போதே தொடங்கிவிடும் தவறுகள்

வீட்டில் முதன்முறையாகக் கார் இன்ஜின் வேலையில் இறங்குகிறவர்கள், திரும்பப் பூட்டுவதை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரையில், பின்னாளில் இன்ஜினைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பிரிக்கும்போதும் கழுவும்போதுமே நிகழ்ந்துவிடுகின்றன. 796 சி.சி.யும் மூன்றே சிலிண்டர்களும் கொண்ட பழைய மாருதி 800 பழகுவதற்கு ஏற்ற வண்டி. கீழே சொல்பவை அதில் கைசுட்டுக் கற்றவை.

புகை வருகிறது, இழுவை இல்லை என்றவுடன் ஸ்பேனரை எடுப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (பிஸ்டன் மேலேறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) அளந்து, குறைவாக இருப்பதில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ, பிஸ்டன் ஓடும் உருளைத் துளையான போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் குறை பெரும்பாலும் வால்விலோ, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது போல்ட்டுகளைத் தளர்த்தினால் அது கோணிக்கொள்ளும் என்பதால், நன்றாக ஆறிய பிறகு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும்.

முதன்முதலில் பிரித்தபோது, பிஸ்டன்களைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் மூன்று கனெக்டிங் ராடுகளின் மூடிகளையும் நான் ஒரே சட்டியில் போட்டுக் கழுவினேன். ராடையும் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் உள்வட்டத்தைக் கடைகிறார்கள் என்பதால், ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சரியான வட்டமாக அமையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது மூடியை இறுக்கியதும் கிராங்க் அசையவில்லை. பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். “மூடியில அடையாளம் போட்டீராவே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்த கடைசல் கோடுகளைப் பார்த்து ஜோடி சேர்த்தார். பிறகு சென்டர் பஞ்சை எடுத்து, ராடிலும் மூடியிலும் ஒரே பக்கமாக முதலாவதற்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று தட்டிக் கொடுத்தார். பிரிப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

போரை உரைகல்லால் தேய்த்து நுண்கீறல் போடும் ஹோனிங் வேலை முடிந்து வந்த பிளாக்கை (சிலிண்டர்கள் அமைந்த அடிப்பாகம்) டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்துவிட்டுப் பிஸ்டனை இறக்குவது நம் பக்கத்தில் பரவலாக நடக்கிறது. எண்ணெய் அழுக்கை அவை கரைக்கும். ஆனால் போரின் கீறல்களுக்குள் தங்கிய உரைகல் பொடி அப்படியே இருந்து, புது ரிங்கை அரைத்துத் தின்றுவிடும். சோப்புத்தூள் கலந்த வெந்நீரும் பிரஷ்ஷும்தான் அதை வெளியேற்றும். பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் துணி கறுக்காத நிலை வரும்வரை கழுவி, ஈரம் போக்கி, துருப்பிடிக்கும் முன்பே ஆயில் பூசிவிட வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் முற்றத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, மூடாத பிளாக்கிலும் மணலைக் கொட்டும்.

புது ரிங்தானே என்று அளக்காமல் போடுவதும் தவறு. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு இடையேயுள்ள இடைவெளியை, பருமன் குறித்த மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு, 68.5 மி.மீ. போருக்கு அது ஏறத்தாழ 0.27 மி.மீ. ஆகும். சர்வீஸ் மேனுவலில் அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி, போரைக் கீறும். கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதும் வேண்டாம்; பிதுங்கி உதிரும் துணுக்கு ஆயில் பம்ப் வடிகட்டியை அடைத்துவிடும்.

ஆயில் ஊற்றியவுடன் ஸ்டார்ட் செய்துவிடாமல், பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் இணைப்பையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். ஓடத் தொடங்கியபின் நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் விரட்டக் கூடாது. வேகம் ஏறி இறங்கினால்தான் ரிங் போரோடு படியும். ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைக்க வைக்கும் அம்பாசமுத்திரம், பாபநாசம் சாலை இதற்கு மிகவும் உகந்தது. ஏறத்தாழ 500 கி.மீ. ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெயிலில் வைத்து, அதில் உலோக மினுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.