துடிப்புச் சுழல் மின்னோட்டச் சோதனை: நூறு சதவீதம் என்று எதை வைத்தீர்கள்?

இந்தச் சோதனையில் புதியவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, கேபிளை மாற்றிச் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாளில் அவை தாமாகவே சரியாகிவிடும். இன்சுலேஷனைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் குழாயின் எஃகுச் சுவர் எவ்வளவு அரித்திருக்கிறது என்று சொல்லும் கருவி கைக்கு வந்ததும் புதியவர்களுக்கு ஒரு தைரியம் பிறந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

அரித்த இடத்தை அளவுகோலாக வைப்பது

கருவி மில்லிமீட்டரை அளப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாதவரிடம் ப்ரோபை, அதாவது குழாய்மேல் வைத்து அளக்கும் உணர்கருவியை, கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

ப்ரோபின் காயிலில் (கம்பிச்சுருளில்) மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துகிறோம். காந்தப்புலம் சரியும்போது எஃகின் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் தோன்றி உள்ளே பரவுகிறது. சுவரின் மறுபக்கத்தை எட்டும்வரை அது நிதானமாக மங்கும்; எட்டிய பிறகு மளமளவென்று விழும். எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் தகவல். அந்த நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு மட்டுமல்ல, எஃகின் காந்த உட்புகுதிறனுக்கும் (எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதற்கும்) மின்கடத்துத்திறனுக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. பின்னிரண்டும் நமக்குத் தெரியாதவை. அதனால்தான் அதே குழாயில் ஓரிடத்தை நூறு சதவீதம் என்று வைத்து, மற்ற இடங்களை அதோடு ஒப்பிடுகிறோம்.

அண்மையில் ஓர் இளைஞர் தன் அறிக்கையைக் காட்டினார். வரைபடத்தின்படி 10 மி.மீ. குழாய். ஏணி ஏறச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய அடிப்பகுதியில் ப்ரோபை வைத்து அதையே நூறு என்று பதிந்திருக்கிறார். இன்சுலேஷன்மேல் போர்த்திய உறைத் தகட்டின் மூட்டு வழியே புகும் நீர் போய்த் தேங்கும் இடமே அதுதான்! மிகக் குறைந்த அளவு 80 சதவீதம். “8 மி.மீ. இருக்கிறது சார், பயமில்லை” என்றார். அதே அறிக்கையில் குழாயின் மேற்புறம் முழுக்க 125, 130 என்று எண்கள். மென்பொருள் அவற்றுக்குப் பச்சை நிறம் பூசியிருந்தது. குழாய் பழசாகப் பழசாகத் தடித்துக்கொண்டே போகிறதா என்று கேட்டேன். தயாரிப்பில் வந்த வேறுபாடாக இருக்கலாம் என்றார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இன்சுலேஷனை அறுத்து மீயொலிக் கருவியால் அளந்தபோது, நூறு என்று வைத்த இடமே 7.5 மி.மீ.தான். அப்படியென்றால் அந்த 80 சதவீதம் என்பது 6 மி.மீ.

எனவே ஒப்பீட்டுப் புள்ளியை ஓரிடத்திலாவது திறந்து மீயொலியால் அளந்துவிடுங்கள். அதுவும் குழாய் வரிசை முழுமைக்கும் செல்லாது. வெல்டிங்கைத் தாண்டினால் எஃகு வேறாக இருக்கலாம். அதன் உட்புகுதிறன் 20 சதவீதம் கூடுதலாக இருந்தாலே சுவர் ஏறத்தாழ 10 சதவீதம் தடிமனாகத் தெரியும். எல்போவுக்கு (குழாய் திரும்பும் முழங்கைத் துண்டுக்கு) தனிப் புள்ளி வேண்டும். சூடான குழாயில், குளிர்ந்த பகுதியில் எடுத்த புள்ளி உதவாது. சூட்டில் எஃகின் மின்தடை கூடி, நல்ல சுவரும் மெலிந்ததாகக் காட்டும். இந்தச் சோதனைக்கென்றே 2017-இல் வந்த ஐஎஸ்ஓ 20669 தரநிலை இருக்கிறது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் களத்துக்கு வருபவர்களை என்ன சொல்வது?

சிறு குழியைத் தேடுவது

ப்ரோப் தன் கீழுள்ள ஒரு வட்டாரத்தின் சராசரியைத்தான் சொல்கிறது. இன்சுலேஷன் தடிக்கத் தடிக்க அந்த வட்டாரமும் விரிகிறது. உள்ளங்கையளவு மெலிவு தெரியலாம். ஊசிமுனைத் துளை தெரியாது. பரவலான அரிப்பு இல்லை என்று எழுதுங்கள், குழியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தெரிகிற மெலிவும் வட்டாரத்தைவிடச் சிறிதாக இருந்தால், உண்மையான ஆழத்தைவிடக் குறைவாகவே காட்டும்.

ஃபிளேஞ்சுக்கு (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் தடித்த விளிம்புக்கு) அருகில் எடுத்த அளவு

நம்பாதீர்கள்.

உட்புற அரிப்பா, வெளிப்புற அரிப்பா?

இந்தக் கருவிக்குத் தெரியாது. கேட்பவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

உறைத் தகடு என்னவென்று பார்க்காதது

சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியமோ துருப்பிடிக்கா எஃகோ, வேலை எளிது. ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதற்கேற்ற ப்ரோப் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எண்ணை மட்டும் பார்ப்பது

சுவர் தடித்து, இன்சுலேஷனும் தடித்திருந்தால், சிக்னல் மங்குவதைத் திரையில் காட்டும் கோடான வளைவு விழத் தொடங்கும் முன்பே சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிடும். மென்பொருள் அப்போதும் கூசாமல் ஓர் எண்ணைக் கொடுக்கும். சந்தேகமான ஒவ்வொரு புள்ளியிலும் வளைவைத் திறந்து பாருங்கள். விழும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த எண்ணை அழித்துவிட்டு, ‘அளக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள்.