பேப்பர் போட்டதும் மேனேஜர் என்ன சொல்வார், நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

வேறு கம்பெனியில் ஆஃபர் கிடைத்ததும், ராஜினாமா செய்வதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறோம். சொன்ன பிறகு அவர் என்ன செய்வார் என்று யோசிப்பவர்கள் குறைவு. ஐ.டி. கம்பெனி மேனேஜருக்கு அந்த நிமிஷம் தோன்றும் முதல் கவலை, கிளையண்டுக்கு என்ன சொல்வது என்பதுதான். கோபம், கொஞ்சல், இழுத்தடிப்பு எல்லாம் அதிலிருந்து கிளம்புபவை. பேச்சு எங்கே சுற்றினாலும் உங்கள் கடைசி வேலை நாளில்தான் வந்து நிற்கும். அந்தத் தேதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேசப் போவதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ், அதாவது ராஜினாமா சொன்ன பிறகு வேலை பார்க்க வேண்டிய காலம், 30 நாளா, 60-ஆ, 90-ஆ? பைஅவுட், அதாவது அந்த நாட்களைக் குறைத்துக்கொள்ளக் கட்டும் பணம், பேசிக் சம்பளத்திலா, கிராஸிலா (பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்)? அதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டுமா? பிறகு சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அப்ரைசல் லெட்டர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் கோடையும் ஆவணங்களையும் மட்டும் தொடவே வேண்டாம். சொந்த மெயிலுக்கு அனுப்பிய ஒரு ஃபைல் போதும், ராஜினாமா டிஸ்மிஸலாக மாறிவிடும்.

மேனேஜரிடம் வாயால் சொன்ன அன்றே ஹெச்.ஆரையும் சேர்த்து மெயில் போடுங்கள், கம்பெனியின் ஹெச்.ஆர். போர்ட்டலிலும் ராஜினாமாவைப் பதியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இப்ப போர்ட்டல்ல போடாதப்பா, ரெண்டு வாரம் டைம் கொடு, மேல பேசிப் பார்க்கறேன்" என்பார் மேனேஜர். கேட்க நல்லெண்ணமாக இருக்கும். நோட்டீஸ் 90 நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜூன் 1-ம் தேதி பதிந்தால், அந்த நாளையும் சேர்த்து 90-வது நாள் ஆகஸ்ட் 29. ஜூன் 15-ல் பதிந்தால் செப்டம்பர் 12. புது கம்பெனியில் செப்டம்பர் 1-ம் தேதி சேர்வதாகச் சொல்லியிருந்தால் அந்த ரெண்டு வாரம் ஆஃபரையே தின்றுவிடும். "பேசுங்க சார், நான் பதிஞ்சிடறேன், தேவைப்பட்டா வாபஸ் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பதிந்துவிடுங்கள்.

அடுத்து வருவது கவுன்டர் ஆஃபர், அதாவது உங்களைத் தக்கவைக்கக் கம்பெனி சொல்லும் கூடுதல் சம்பளம். "அங்க எவ்வளவு தர்றாங்க?" என்று ஆரம்பிக்கும். எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் ஒரு தொகை சொன்னால், அது எழுத்தில் வருமா, எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு ஃபிக்ஸட், எவ்வளவு வேரியபிள் என்று கேளுங்கள். ரிடென்ஷன் போனஸ் (போகாமல் இருக்கத் தரும் தொகை) என்றால் ஷரத்தைப் படியுங்கள்: 12 மாதத்துக்குள் போனால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். பணம் மட்டுமே காரணமாக இருந்தால் யோசிக்கலாம். நைட் ஷிஃப்ட், பழைய டெக்னாலஜி, ஒத்துவராத மேனேஜர் என்றால் கூடுதல் சம்பளம் அதில் எதையும் மாற்றாது.

"உன்னை நம்பித்தானே இந்த ப்ராஜெக்டை எடுத்தோம்" என்ற பேச்சுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கே.டி. திட்டத்தை (உங்கள் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் திட்டம்) தேதியோடு மெயிலில் அனுப்புங்கள், அதுவே பதில். நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் பல கம்பெனிகள் அத்தனை நாளைக் கடைசித் தேதியோடு சேர்த்துவிடும், ஜாக்கிரதை.

மிரட்டலும் வரலாம். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற ஷரத்து, 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் முன் பொதுவாக நிற்காது. கம்பெனி ரகசியத்தைக் காக்கும் கடமை வேறு, அது போன பிறகும் தொடரும். பாண்ட் (இத்தனை காலம் வேலை பார்ப்பேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) விஷயத்தில் அலட்சியம் கூடாது: மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

முன்கூட்டியே விடுவிக்கக் கேட்டால் பைஅவுட் பேச்சு எழும். பேசிக் 40,000, கிராஸ் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் குறைந்தால் ஷரத்தைப் பொறுத்து இதில் ஒரு தொகையைக் கட்ட வேண்டிவரும். அதன்மேல் ஜி.எஸ்.டி. கேட்டால், 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய அரசின் 178-வது ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையைக் காட்டுங்கள். நோட்டீஸ் காலம் குறைந்ததற்காகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று அதில் இருக்கிறது. புது கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தால் பெரும்பாலும் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள்.

ஐந்து வருஷத்தை நெருங்கியிருப்பவர்கள் பணிக்கொடையை (கிராஜுவிட்டி, பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்தால் கிடைக்கும் தொகை) கணக்கிட்டுவிட்டுத் தேதி போடுங்கள். பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளம் 50,000 என்றால் 50,000 × 15 ÷ 26 × 5, அதாவது சுமார் 1,44,230 ரூபாய். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் முடிந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லாக் கம்பெனியும் கேட்டதும் தந்துவிடாது. ஐந்து வருஷம் முழுதாக முடிவது நல்லது.

கடைசி நாளில் லேப்டாப், ஐ.டி. கார்டு ஒப்படைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர் தாமதமானால் ராஜினாமா ஏற்பு மெயிலையும் அந்த ஒப்புகையையும் புது கம்பெனியின் ஹெச்.ஆரிடம் தற்காலிகமாகக் கொடுக்கலாம். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) போர்ட்டலில் நீங்களே பதியலாம்.