பழைய லேப்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ: பாரத்தை இறக்கி ஓட்டும் வழி

மதுரையிலும் சுற்றியுள்ள உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கங்களிலும் பல வீடுகளில் பரணிலோ பீரோ மேலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதாக இருக்கும். ஆரம்ப வருடங்களில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

இப்போது அதை ஆன் செய்தால் டெஸ்க்டாப் தெரிவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சர்வீஸ் கடையில் கேட்டால் "இதோட காலம் முடிஞ்சுருச்சு, புதுசு பாருங்க" என்பார்கள். உள்ளே இருக்கும் சிப்போ வாங்கிய அன்று ஓடிய அதே வேகத்தில்தான் இன்றும் ஓடுகிறது. அதன் மேல் ஏறியிருக்கும் மென்பொருள்தான் பருத்துப் போயிருக்கிறது. விண்டோஸ் 95 ஓட 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லஸ் விர்த் 1995-லேயே இதைப் பற்றி எரிச்சலோடு எழுதினார்: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்று.

இந்தப் பதிவில் அந்த லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்போடு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப்போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான டெஸ்க்டாப் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது ஏறத்தாழ அரை ஜிபி ரேம்தான். அதைப் பிரவுசரிடம் பறிகொடுக்காமல் வைத்திருப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் எடை பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை, அதாவது ரேமை, பாருங்கள். மொத்தம் எவ்வளவு, எதையும் திறக்காதபோது எவ்வளவு போகிறது, இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட இது வேண்டும்.

4 ஜிபி இருந்தால் இந்தப் பதிவு அப்படியே பொருந்தும். 2 ஜிபி என்றாலும் மின்ட் ஓடும், ஆனால் பிரவுசரில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். 1 ஜிபி என்றாலோ 32 பிட் சிப் என்றாலோ மின்ட் வேண்டாம். ஐஸ்டபிள்யூஎம் என்ற சின்ன சாளர மேலாளரோடு வரும் ஆன்டிஎக்ஸ் லினக்ஸை எடுங்கள். பார்க்கக் கொஞ்சம் பழசாகத் தெரியும், ஆனால் நன்றாக ஓடும்.

டெஸ்க்டாப் சூழல் என்பது எது?

கீழே தெரியும் பட்டை, மெனு, கோப்பு மேலாளர், சாளரத்தின் ஓரத்தில் இருக்கும் மூடும் பொத்தான், செட்டிங்ஸ், இவை எல்லாம் சேர்ந்த தொகுப்புதான். விண்டோஸில் இதைக் கழற்ற முடியாது. லினக்ஸில் அடியில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் மாற்றலாம். உபுண்டு என்ற லினக்ஸோடு வரும் நோம் டெஸ்க்டாப் பளபளப்பானது, ஆனால் சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ-யை ஒலிவியே ஃபூர்தான் 1996-ல் தொடங்கினார். ஒவ்வொரு பதிப்புக்கும் முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. லுபுண்டு என்ற லினக்ஸில் வரும் எல்எக்ஸ்க்யூடி இன்னும் கொஞ்சம் லேசு. பழைய நோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் தொடர்ந்து நடத்திவருவது மாட்டே. புதிதாக வருகிறவருக்கு என் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. மெனு வழக்கமான இடத்திலேயே இருக்கும், சிக்கல் வந்தால் தேடினாலும் விடை கிடைக்கும்.

பென் டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்னாலேயே காப்பி எடுத்துவிடுங்கள். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். 3 ஜிபிக்குப் பக்கத்தில் வரும்.

அதைப் பென் டிரைவில் எழுத ஒரு மென்பொருள் வேண்டும். மென்பொருள் எப்படிப் பருக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. ரூஃபஸ் என்ற நிரல் இரண்டு எம்பி அளவுதான். இதே வேலையைச் செய்யும் எட்சர் நூறு எம்பிக்கு மேல். எட்சர் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. எலக்ட்ரானில் எழுதிய ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு முழு குரோமியம் பிரவுசரை உள்ளே வைத்துக்கொண்டு வரும். விருந்துக்கு வருகிறவர் ஆளுக்கொரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? எழுதுகிறவருக்கு இதில் வசதி உண்டு. ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கொடுத்துவிடலாம். அந்த வசதிக்கு விலை உங்கள் ரேமிலிருந்து போகிறது.

ஆக, ரூஃபஸ். திறந்து பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள், ஐஎஸ்ஓ-வைக் காட்டுங்கள், ஸ்டார்ட் அழுத்துங்கள். எந்த முறையில் எழுத என்று கேட்டால் அது பரிந்துரைப்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பது

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்த உடனே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். லெனோவா, டெல், ஏசரில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப். ஏசரில் மெனு வரவில்லை என்றால் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் எஃப்12 பூட் மெனுவை இயக்கவேண்டியிருக்கும்.

மின்ட் டெஸ்க்டாப் பென் டிரைவிலிருந்தே திறக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட், கேமரா, திரை வெளிச்சம் எல்லாம் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள், பென் டிரைவிலிருந்து ஓடுவதால் இழுக்கத்தான் செய்யும்.

நிறுவுதல்

பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் இதை ஆரம்பிக்க வேண்டாம். செய்தித்தாளில் முந்தின நாளே போட்டுவிடுவார்கள்.

டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறங்கள். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் செய்யுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. அடுத்து முக்கியமான கேள்வி வரும்: விண்டோஸோடு சேர்த்துப் போடுவதா, டிஸ்க்கை முழுதாக அழித்துப் போடுவதா? படங்கள், கோப்புகளை வெளியே எடுத்தாகிவிட்டது என்றால் அழித்தே போடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் டிஸ்க்கில் இடமும் போதாது, மனசும் பழையதற்கே போகும். நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா. பெயர், கடவுச்சொல் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பாரம் இறக்குவது

முதல் முறை திறந்ததும் மெனுவில் டாஸ்க் மேனேஜரைத் தேடித் திறந்து மெமரியைப் பாருங்கள். 1 ஜிபிக்குக் கீழே இருக்கும். தாளில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். வேறு கருவியில் பார்க்கும்போது 'ஃப்ரீ' குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க் தற்காலிக நினைவாகப் பயன்படுத்தும், கேட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடும். 'அவைலபிள்' என்ற எண்தான் கணக்கு.

செட்டிங்ஸில் செஷன் அண்டு ஸ்டார்ட்அப், அதில் அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட். ஆன் செய்ததும் தானாகக் கிளம்புகிறவை இங்கே வரிசையாக இருக்கும். ப்ளூடூத் பயன்படுத்தாதவர் அதை எடுத்துவிடலாம், பிரிண்டர் இல்லாதவர் பிரிண்ட் க்யூவை. நெட்வொர்க், பாலிசிகிட் (கடவுச்சொல் கேட்டு அனுமதி தருவது), எக்ஸ்எஃப்சிஇ செட்டிங்ஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

அப்புறம் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்போசிட்டர் என்ற பகுதி. அந்த டிக்கை எடுத்தால் நிழலும் ஊடுருவித் தெரியும் ஜாலமும் போய்விடும். பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு இது நிம்மதி. வீடியோ ஓடும்போது திரை கிழிந்தாற்போல் தெரிந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய மென்பொருள் போடும்போது சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே பெயர் இரண்டு விதமாகக் கிடைக்கலாம்: சிஸ்டம் பேக்கேஜ், ஃப்ளாட்பேக். முதலாவதை எடுங்கள். ஃப்ளாட்பேக் தனக்கு வேண்டிய துணை நிரல்களையெல்லாம் தனியாக இறக்கும். சின்ன நிரல் ஒன்றுக்கே பல நூறு எம்பி போய்விடும்.

2 ஜிபி ரேம் உள்ளவர்கள் மெனுவில் உள்ள சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவும் கருவியில் இசட்-ரேம் கான்ஃபிக் என்ற தொகுப்பைத் தேடிப் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும். ரேம் போதாதபோது ஹார்ட் டிஸ்க்கில் இடம் எடுக்கும் ஸ்வாப்பைவிட எவ்வளவோ வேகம்.

பிரவுசர்தான் பெரிய வாய்

இதுவரை சேர்த்ததை இரண்டு டேப் தின்றுவிடும். ஃபயர்பாக்ஸில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்று உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஒரு செய்தித்தளம், யூடியூப், வாட்ஸ்அப் வெப், மெயில் நான்கையும் திறந்துவிட்டு அதைப் பாருங்கள். இயங்குதளத்தையே மிஞ்சும். செய்தித்தளத்தில் நீங்கள் படிக்கும் எழுத்து சில கேபிதான். மீதியெல்லாம் விளம்பரமும், உங்களைப் பின்தொடரும் நிரல்களும், தானாக ஓடும் வீடியோவும்.

யூபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறதா? 2016-க்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்களுக்கு அங்கே வரும் விபி9 வகை வீடியோவைப் பிரிக்கும் தனி வன்பொருள் இல்லை. பாரம் முழுக்க பிராசசர் தலையில் விழுந்து விசிறி அலறும். எச்264இஃபை என்ற நீட்சி பழைய எச்.264 வகையைக் கேட்டு வாங்கும். தரத்தையும் 480-ல் வையுங்கள், 14 அங்குலத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கோப்பு திறக்க நேரமானால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். எந்த டெஸ்க்டாப் மாற்றமும் தராத வேகத்தை அது தரும்.

தமிழ்த் தட்டச்சு

சினாப்டிக்கில், தமிழ் உட்படப் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறித் திரும்ப உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி எல்லாம் பட்டியலில் இருக்கும். தெரிந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகையோ ஃப்ளெக்ஸோ அடிக்கும் டிடிபி கடைக்காரர்களுக்கு மட்டும் தனியாக: வேலை பேஜ்மேக்கர், போட்டோஷாப், பழைய பாமினி எழுத்துரு என்று ஓடினால் அந்தக் கணினியில் இதைச் செய்யாதீர்கள், பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் லினக்ஸில் நேராக ஓடாது. பில் போடவும் மெயில் பார்க்கவும் ஓரமாக ஒன்று கிடக்குமே, அதில் போடுங்கள்.