கட்டிலுக்கடியில் ஒரு ரயில் பாதை: வீட்டில் முதல் மாடல் ரயில் அமைப்பது எப்படி?

மாடல் ரயில் ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை வைக்க இடம் இருந்தால் போதும். ஓட்டி முடித்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

எந்த ஸ்கேல்?

ஸ்கேல் என்பது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்ற கணக்கு. உலகில் அதிகம் புழங்குவது ‘எச்ஓ’ (HO), அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. அதற்கு அடுத்தது ‘என்’ (N) ஸ்கேல், 160-இல் ஒரு பங்கு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் பல காலம் தயாரித்த நீல நிறப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 21.3 மீட்டர். எச்ஓவில் அது 24.5 சென்டிமீட்டர் வரும், ‘என்’ ஸ்கேலில் 13.3தான். நம் பலகையில் எச்ஓ பெட்டிகள் நான்கைக் கோர்த்தாலே வளைவு திணறும். ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ‘என்’ ஸ்கேல்தான் சரி.

பலகை

12 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்து, அடியில் நான்கு ஓரத்திலும் குறுக்காக நடுவிலும் ரீப்பர் அடித்துவிடுங்கள். சும்மா விட்டால் மழைக்காலத்தில் பிளைவுட் வளையும். மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட பெட்டியைத் தடம் புரளவைக்கும்.

தண்டவாளம்

ஜல்லி வடிவ பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வரும் தண்டவாளங்களில், ஜப்பானிய நிறுவனங்களான காட்டோவின் யூனிட்ராக், டோமிக்ஸின் ஃபைன் டிராக் இரண்டும் புதியவர்களுக்கு ஏற்றவை. ஆணி வேண்டாம், கழற்றி மாட்டலாம். யூனிட்ராக்கில் 315 மில்லிமீட்டர் ஆரமுள்ள 45 டிகிரி வளைவுகள் எட்டும், 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டுகள் நான்கும் சேர்த்தால் ஒரு நீள்வட்டம் கிடைக்கும். சுமார் 115 சென்டிமீட்டர் நீளம், 66 அகலம். பலகையில் கச்சிதமாக உட்காரும். ஒவ்வொரு மூட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

மின்சாரம்

இந்த இடத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கன்ட்ரோலர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட்டில் செருகினால் அது போய்விடும். பின்பக்க லேபிளைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட் வரையிலான டிசி. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், இரு தண்டவாளங்களின் பிளஸ் மைனஸை மாற்றினால் ரயில் பின்னால் போகும். அவ்வளவுதான் தத்துவம். ஒரு எச்சரிக்கை: பாதை ஒரு கொக்கி போல வளைந்து, புறப்பட்ட தடத்திலேயே எதிர்த்திசையில் வந்து சேரும்படி போடாதீர்கள். இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். ஒரே பாதையில் பல என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட உதவும் டிஜிட்டல் கன்ட்ரோல் இப்போதைக்குத் தேவையில்லை.

ஒரு வாரம் வெறுமனே ஓட்டுங்கள்

மலை, மரம், ஸ்டேஷன் எதையும் தொடாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ரயில் எங்கே தயங்குகிறது, எந்த மூட்டில் ஆடுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு வாரத்தில்தான் தெரியும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ‘என்’ ஸ்கேலில் நொடிக்கு சுமார் 10 சென்டிமீட்டர். நம் பாதையின் மொத்த நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். ஆக, ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் ஆக வேண்டும். கடிகாரம் பார்த்து ஓட்டிப் பாருங்கள். பத்து நொடியில் சுற்றும்போது அது பொம்மை. முப்பது நொடியில் சுற்றும்போது, கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், பெட்டிகள் ஒவ்வொன்றாக வளைவில் திரும்புவது தெரியும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கே அந்த ஒரு காட்சிக்காகத்தான்.

மெதுவாகப் போகும்போது நின்று நின்று ஓடினால், பெரும்பாலும் அழுக்குதான் காரணம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடையுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். உப்புத்தாள் கூடாது, அது போடும் கீறலில் மறுபடி அழுக்கு சேரும். அப்புறம் என்ஜினைத் திருப்பிப் பிடித்து அச்சுகளைப் பாருங்கள். ஃபேன் காற்றில் பறக்கும் நூலும் தலைமுடியும் சுற்றியிருந்தால் இடுக்கியால் மெல்ல இழுத்து எடுங்கள்.

மலையும் சுரங்கமும்

தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, கத்தியால் செதுக்கி, ஃபெவிகால் தடவிய செய்தித்தாள் துண்டுகளால் மூடினால் மலை தயார். சால்வென்ட் கலந்த பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், வெள்ளைப் பசைதான் சரி. டீ போட்டு வடிகட்டிய தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தூவினால் அருமையான செம்மண் கிடைக்கும். அதன் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டு சொட்டாக விடுங்கள். கலவையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது.

சுரங்கத்தின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்குத் திறப்பு விடுங்கள். என் முதல் மலையில் நான் விடவில்லை. மூன்றாவது பெட்டி உள்ளே தடம் புரண்டது. பத்து நாள் வேலை செய்த மலையைப் பின்னாலிருந்து அறுத்துத்தான் அதை வெளியே எடுத்தேன். சுரங்க வாயில் வளைவில் வருகிறதென்றால், இருப்பதிலேயே நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்தும்.

அடுத்த வாங்கல்

ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பிவிடும் தண்டவாளத் துண்டான பாயின்ட் ஒன்றே ஒன்று வாங்குங்கள். நேர்ப்பாதையிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதில் இரண்டு சரக்குப் பெட்டிகளை நிறுத்துங்கள். என்ஜினைப் பின்னால் கொண்டுபோய், கொக்கி மாட்டும் சத்தம் கேட்கும் வரை மெதுவாகத் தள்ளி, இழுத்துவந்து மெயின் லைனில் சேர்க்கப் பழகுங்கள்.